ஓடையில் மிதந்த பையும் கடலாமையின் பசியும்



இராஜபாளையத்திற்கு மேற்கே மலையடிவாரத்தில் அமைந்த அய்யனார் கோவில் ஓடையை நம் வட்டாரத்தார் அனைவரும் அறிவர். அங்குள்ள நீர்காத்த அய்யனார் கோவிலால் அவ்விடம் அப்பெயர் பெற்றது. மழைக்காலத்தில் பாறைகளின் மீது தவழ்ந்து வரும் அந்நீரில் குளித்து மகிழச் சாதி மத வேறுபாடின்றி மக்கள் திரள்வர். பெருநாளுக்கு மறுநாள் நம் குடும்பங்களும் பிரியாணிச் சட்டியோடும் பிள்ளைகளோடும் அங்கே செல்வது வழக்கமாகிவிட்டது.

சென்ற பெருநாளுக்குப் பின் நானும் மதரஸா மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு சென்றிருந்தேன். நீராடிக்கொண்டிருந்தபோது ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், "ஹஜ்ரத்! தண்ணிக்குள்ள ஏதோ உசுரோட நீந்துது!" என்று கூவினான். ஓடிச் சென்று பார்த்தோம். பாறை இடுக்கில் தேங்கிய நீரில் வெண்ணிறமான ஒன்று விரிந்தும் சுருங்கியும் அசைந்துகொண்டிருந்தது. நானும் ஒரு கணம் அதனை உயிருள்ளதென்றே எண்ணினேன். கோலால் எடுத்துப் பார்த்தால் அது ஒரு பிளாஸ்டிக் பை! உள்ளே சிறிது குழம்பு ஒட்டியிருந்தது. அதை வீசியவர் வேறு யாருமல்லர்; எங்கள் கூட்டத்தில் இருந்த ஒருவரே.

பிள்ளைகள் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனிதக் கண்ணையே ஏமாற்றிய அந்தப் பை, கடலில் வாழும் ஓர் உயிரை எவ்வளவு எளிதாக ஏமாற்றும் என்ற எண்ணம் எழுந்தது. அந்த உயிர்தான் கடலாமை. மலைக்கும் கடலாமைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். சற்றுப் பொறுமையுடன் படியுங்கள்.

பல்லில்லா வாய்க்கும் படியளப்பவன்

பூமியில் ஊர்ந்து திரியும் எந்த உயிரினமாயினும் அதற்கு உணவளிக்கும் பொறுப்பைத் தானே ஏற்றிருப்பதாக அல்லாஹ் தன் திருமறையில், ஹூது அத்தியாயத்தில் அறிவிக்கின்றான். அந்த வாக்குறுதி எவ்வளவு நுட்பமாக நிறைவேறுகிறது என்பதைக் கடலாமையின் வாயைத் திறந்து பார்த்தாலே விளங்கிக்கொள்ளலாம்.

ஆமைக்குப் பற்கள் கிடையா. கிளிக்கு இருப்பதைப் போன்ற கடினமான அலகே உண்டு. ஒவ்வோர் இனத்தின் அலகும் அதனதன் உணவுக்கேற்ப வடிவம் பெற்றுள்ளது. புல் மேயும் ஆமைக்கு அலகின் ஓரம் அரிவாளின் பல்லைப் போன்றிருக்கும். சங்கு உடைக்கும் ஆமைக்கு உரல் போன்ற வலிமையான தாடை. பாறை இடுக்கில் இரை தேடும் ஆமைக்குப் பருந்தின் மூக்கைப் போல் கூரிய வாய்.

அடுத்து, அதன் உணவுக்குழாயைப் பாருங்கள். உள்ளே முட்கள் போன்ற நீட்சிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன; அவையனைத்தும் வயிற்றை நோக்கியே சாய்ந்திருக்கும். கடலில் வாய் திறந்து இரையை விழுங்கும்போது உப்புநீரும் உடன் புகும். அந்நீரை ஆமை வெளியே தள்ளும்போது இரையும் வழுக்கி வெளியேறிவிடாமல் இம்முட்கள் தடுத்து நிறுத்துகின்றன. உள்ளே சென்ற இரை திரும்பி வர வழியில்லை. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதனிடம் திரும்புவோம்.

எவ்வளவு வடித்தாலும் உணவோடு உப்பு உடலில் சேரத்தான் செய்யும். அதனை வெளியேற்றக் கண்ணருகே உப்புச் சுரப்பிகள் உள்ளன. முட்டையிடக் கரையேறும் ஆமையின் கண்களில் வழியும் நீரைக் கண்டு, பிள்ளைகளைப் பிரியும் வேதனையில் அது அழுவதாக மக்கள் கூறுவர். உண்மையில் அது உடலிலிருந்து உப்பை வெளியேற்றும் ஏற்பாடு. சுப்ஹானல்லாஹ்!

ஐந்து ஆமைகள், ஐந்து பந்திகள்

உலகில் ஏழு வகைக் கடலாமைகள் உள்ளன. அவற்றுள் ஐந்து இந்தியக் கடல்களில் வாழ்கின்றன. ஒரே கடலில் வாழ்ந்தும் ஒன்றன் உணவை மற்றொன்று பறிக்காத வண்ணம் இவற்றின் பந்திகள் பிரிக்கப்பட்டிருப்பது வியப்பிற்குரியது.

முதலாவது பேராமை. பச்சை ஆமை என்றும் இதனைக் கூறுவர். ஓடு பச்சையாக இருப்பதால் அப்பெயர் வந்ததென்று பலர் எண்ணுகின்றனர், அது தவறு. அதன் உடற்கொழுப்பின் நிறமே பச்சை. குஞ்சுப் பருவத்தில் சிற்றுயிர்களையும் உண்ணும் இது, வளர்ந்தபின் பெரும்பாலும் கடற்புல்லையும் பாசியையும் மட்டுமே உண்டு வாழும். மாட்டுக்கு இரைப்பையில் நுண்ணுயிர்கள் இருந்து புல்லைச் செரிக்க உதவுவது போல, பேராமைக்குக் குடலின் பிற்பகுதியில் நுண்ணுயிர்கள் இருந்து நாரைச் செரிக்கின்றன. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப மேய்ந்து, புதிதாகத் துளிர்க்கும் இளம்புல்லையே அது விரும்பி உண்ணும். முற்றிய புல்லைவிடத் துளிரில் சத்து மிகுதி. புல்லுணவால் இதன் வளர்ச்சி மிக மெதுவானது. முட்டையிடும் பருவம் எய்த இருபது, முப்பது ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகலாம்.

இரண்டாவது அழுங்காமை. இதன் உணவு கடற்பஞ்சு. கடற்பஞ்சு என்றதும் மென்மையானது என்று எண்ணிவிட வேண்டாம். அவற்றுள் பலவகைகளில் கண்ணாடிச் சிம்பு போன்ற நுண்ணிய சிலிக்கா ஊசிகள் நிறைந்திருக்கும். சிலவற்றில் நஞ்சும் உண்டு. கரீபியன் கடலில் ஆய்வு செய்த ஆன் மெய்லன் என்னும் அம்மையார், இவ்வாமையின் வயிற்றில் கடற்பஞ்சே பெரும்பகுதியாக இருந்ததை 1988-ஆம் ஆண்டு உலகிற்கு அறிவித்தார். பிற விலங்குகள் அஞ்சி ஒதுங்கும் உணவை இதற்கு உகந்ததாக்கி வைத்தவன் யார்?

மூன்றாவது பெருந்தலை ஆமை. சங்கு, சிப்பி, நண்டு ஆகியவற்றின் ஓட்டை நொறுக்கித் தின்னும். நம் தமிழகக் கரையில் இது அரிது. ஆயினும் ஓமான் நாட்டின் மசீரா தீவு இவ்வாமை முட்டையிடும் உலகின் மிகப்பெரிய இடங்களுள் ஒன்று. ஓமானில் பணிபுரியும் நம் பிள்ளைகள் பலர் இதனைக் கேள்விப்பட்டிருப்பர்.

நான்காவது சிற்றாமை. பங்குனி ஆமை என்னும் பெயரும் இதற்கு வழங்குகிறது. தை முதல் பங்குனி வரை நம் கரைகளில் ஏறி முட்டையிடுவது இதுவே. ஒரு குழியில் ஏறக்குறைய நூறு முட்டைகள் இடும். நண்டு, இறால், நத்தை, சொறிமுட்டை, மீன் எனக் கிடைப்பதை உண்ணும் இயல்பினது. இறால் இருக்கும் இடத்தில் இதுவும் இருப்பதால், இறாலுக்கு விரிக்கும் இழுவலையில் இதுவும் அகப்படுகிறது. நுரையீரலால் சுவாசிக்கும் உயிர், நீர்மட்டத்திற்கு வந்து மூச்சு விட இயலாமல் வலைக்குள்ளேயே மூச்சுத்திணறி இறக்கிறது. 2025 சனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான சிற்றாமைகள் இறந்து ஒதுங்கிய செய்தியை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள்.

ஐந்தாவது ஏழுவரி ஆமை. தோணி ஆமை என்றும் கூறுவர். ஆமைகளுள் மிகப் பெரியது இதுவே. ஐந்நூறு கிலோவையும் தாண்டும். ஓடு இராது, தோல் போர்த்த முதுகில் ஏழு வரிகள் நீண்டிருக்கும். இவ்வளவு பெரிய உடலுக்கு உணவு எது தெரியுமா? சொறிமுட்டை! பாடநூல்களில் ஜெல்லி மீன் என்று வரும் அதேதான். அதன் உடலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு அளவில் தண்ணீரே. அத்தகைய உணவைக் கொண்டு வாழ வேண்டுமானால் மிகுதியாக உண்டாக வேண்டும். கனடா நாட்டுக் கடலில் செய்யப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று, இவ்வாமை நாளொன்றுக்குச் சராசரியாக 330 கிலோ சொறிமுட்டை உண்பதாகக் கணக்கிட்டது. தன் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு! இரையைத் தேடி ஆயிரம் மீட்டருக்கும் கீழே மூழ்க வல்லது இது.

காலையில் வெறும் வயிற்றோடு கூட்டை விட்டுப் பறந்து மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்பும் பறவையை, இறைவன் மீது முழு நம்பிக்கை வைப்பதற்கு உவமையாக நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். கடலாமையும் அவ்வாறே. அதற்குக் களஞ்சியமும் இல்லை, கடனும் இல்லை.

அகத்தித் தீவு கற்பிக்கும் பாடம்

உணவுச் சங்கிலி எவ்வளவு நுண்ணிய சமநிலையில் நிற்கிறது என்பதற்கு இலட்சத்தீவில் நிகழ்ந்த ஒன்றைக் கூறலாம். நம் சகோதர முஸ்லிம்கள் வாழும் அத்தீவுகளுள் ஒன்றான அகத்தியின் காயலில் கடற்புல் செழித்திருந்தது. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கே பேராமைகள் பெருங்கூட்டமாகத் திரண்டு மேயத் தொடங்கின. புல் துளிர்க்கும் வேகத்தைவிட மேய்ச்சலின் வேகம் மிகுந்தது. புற்பரப்பு தேய்ந்தது, அதில் ஒதுங்கி வளர்ந்த மீன்களும் குறைந்தன. ஆமையால் மீன் போயிற்று என்று மீனவர் வருந்தினர். ஆமைகளோ கட்மத் முதலிய அடுத்தடுத்த தீவுகளுக்கு இடம்பெயர்ந்து மேய்ந்தன. அங்கும் அதே கதை.

இதனால் ஆமை கெட்டது என்று முடிவு கட்டிவிடலாமா? ஆமையை உண்ணும் சுறாக்களை மனிதன் பல கடல்களில் பிடித்துக் குறைத்துவிட்டான். முன்பு பரந்திருந்த கடற்புல் வெளிகளும் பல இடங்களில் அழிந்தன. எஞ்சிய சில இடங்களில் ஆமைகள் கூட்டமாக நெருங்குகின்றன. அளவோடு மேயும்போது பேராமை கடற்புல்லுக்குத் தோட்டக்காரன். அளவு மீறும்போது அதே வாய் அழிவாகிறது. இறைவன் வானத்தை உயர்த்தித் தராசை நிறுவினான் என்று அர்ரஹ்மான் அத்தியாயம் உணர்த்துவதை, கடலின் அடியிலும் காணலாம் அல்லவா?

ஆமையை உண்டவர் அடைந்த கதி

ஒரு காலத்தில் இராமேசுவரம், தூத்துக்குடிப் பகுதிகளில் பேராமையைப் பிடித்து விற்பது ஒரு தொழிலாகவே நடந்தது. யாழ்ப்பாணம் வரை ஆமைகள் சென்றன. பின்னர் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடலாமைகள் சேர்க்கப்பட்டன. இன்று ஆமையையோ அதன் முட்டையையோ எடுப்பது மூன்று முதல் ஏழாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

நம் நாட்டில் பெரிதும் பின்பற்றப்படும் ஹனஃபி மத்ஹபில் கடல்வாழ் உயிர்களில் மீன் மட்டுமே ஆகுமாக்கப்பட்டது; ஆமைக்கு அனுமதி இல்லை. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்திலும் ஆமை விலக்கப்பட்டதே. எனவே நம் சமையற்கட்டிற்கும் ஆமைக்கும் தொடர்பில்லை. எனினும் "மூலத்திற்கு ஆமை இரத்தம் நல்லது", "முட்டை பலம் தரும்" என்னும் நாட்டு நம்பிக்கைகள் இன்னும் சில இடங்களில் உலவுகின்றன. அத்தகையோருக்காக இதைக் கூறுகிறேன்.

கடலாமை சில வேளைகளில் தான் உண்ட உணவின் வாயிலாக நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது என்று அறிவியலார் கருதுகின்றனர். ஆமைக்கு அது தீங்கு செய்வதில்லை, உண்பவரைக் கொல்லும். எவ்வளவு வேக வைத்தாலும் அந்நஞ்சு முறிவதில்லை. இதற்கு மாற்று மருந்தும் கிடையாது. தாய் உண்டால் தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் சென்று உயிரைப் பறித்த நிகழ்ச்சிகள் பதிவாகியுள்ளன. 2024 மார்ச்சு மாதத்தில், ஆப்பிரிக்காவின் சான்சிபாரைச் சேர்ந்த பெம்பா தீவுக்கூட்டத்தில் ஆமை இறைச்சி உண்ட 8 குழந்தைகளும் ஒரு பெரியவரும் உயிரிழந்தனர். எழுபதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிந்திப்போருக்கு இது போதும்.

பசியை ஏமாற்றும் பை

இப்போது நம் ஓடைக்குத் திரும்புவோம். நீரில் மிதக்கும் பை, சொறிமுட்டையைப் போலவே ஒளி ஊடுருவ விரிந்து சுருங்குகிறது. எங்கள் மாணவனை ஏமாற்றிய அதே தோற்றம் ஏழுவரி ஆமையையும், பேராமையின் குஞ்சையும், சிற்றாமையையும் ஏமாற்றுகிறது. தோற்றம் மட்டுமன்று. சில வாரங்கள் கடலில் கிடந்த பிளாஸ்டிக்கின் மீது பாசியும் நுண்ணுயிரும் படிகின்றன. அவ்வாறு படிந்த பிளாஸ்டிக்கின் வாடையை முகர்ந்த பெருந்தலை ஆமைகள், உணவின் வாடைக்கு நடந்துகொள்வது போலவே நடந்துகொண்டன என்று 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வு கூறுகிறது. கண்ணும் மூக்கும் ஒருங்கே ஏமாறினால் அந்த உயிர் என் செய்யும்?

விழுங்கிய பின்னராவது கக்கிவிடலாகாதா என்று கேட்பீர்கள். உணவுக்குழாயின் முட்களை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? இரை நழுவாமலிருக்க இறைவன் அருளிய அந்த முட்களே, நாம் அனுப்பிய பையையும் நழுவவிடாமல் வயிற்றுக்குள் தள்ளிவிடுகின்றன. அருட்கொடையைக் கண்ணியாக மாற்றியது நம் கை!

உள்ளே சென்ற பிளாஸ்டிக் செரிப்பதில்லை. சில வேளை குடலை அடைக்கிறது. சில வேளை குடலைத் துளைக்கிறது. வயிறு நிறைந்தாற்போல் இருப்பதால் ஆமை மேலும் இரை தேடாமல் மெலிகிறது. ஆஸ்திரேலிய அறிவியலார் இறந்த ஆமைகளை ஆராய்ந்து 2018-இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். ஒரே ஒரு பிளாஸ்டிக் துண்டை விழுங்கிய ஆமை அதனால் இறப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 22. பதினான்கு துண்டுகளாயின் நூற்றுக்கு 50.

ஒரு பெண் பூனையைக் கட்டிப்போட்டு, தானும் உணவளிக்காமல், அது தானே பூமியில் இரை தேடிக்கொள்ளவும் விடாமல் சாகடித்ததற்காகத் தண்டனைக்குள்ளானாள் என்னும் நபிமொழியை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். கடலாமைக்கு நாம் உணவளிக்கவில்லை, அளிக்கவும் வேண்டியதில்லை. அதற்குரிய உணவு கடலில் ஆயத்தமாக இருக்கிறது. அதனை அது நிம்மதியாக உண்ணக்கூட விடாமல் நஞ்சைப் பரிமாறினால், அந்தப் பெண்ணின் நிலைக்கும் நம் நிலைக்கும் எவ்வளவு தூரம்?

மலையிலிருந்து கடலுக்கு

"அய்யனார் கோவிலில் போட்ட பை கடலுக்கா போகப்போகிறது?" என்று என்னிடம் கேட்டார், பையை வீசிய அந்த நண்பர். நியாயமான கேள்வி. வழியை நாமே பின்தொடர்ந்து பார்ப்போம்.

அங்கிருந்து இறங்கும் நீர் முதலில் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்திற்கு வருகிறது. இராஜபாளையம் மக்கள் குடிக்கும் நீர் அது. ஆக, பையின் முதல் பயணம் நம் குடிநீரை நோக்கியே! முடங்கியாறு முதலிய நம் ஓடைகள் வைப்பாற்று வடிநிலத்தைச் சேர்ந்தவை. அவற்றின் நீர் கண்மாய்களை நிரப்பி, மிச்சம் வைப்பாற்றில் சேர்கிறது. வைப்பாறு சாத்தூரைக் கடந்து கிழக்கே ஓடி, தூத்துக்குடிக்கு வடக்கே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது.

சாதாரண ஆண்டுகளில் நம் குப்பை பெரும்பாலும் கண்மாய்களிலும் முட்செடிகளிலும் தங்கிவிடும். அங்கே ஆடு மாடுகள் தின்னும். பெருமழை வந்தாலோ ஒரே இரவில் அனைத்தும் கடலை அடையும். 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை யார் மறப்பர்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. ஆண்டுக்கணக்கில் தேங்கிய குப்பையைக் கடலுக்குக் கொண்டு சேர்க்க அத்தகைய ஒரு வெள்ளம் போதும்.

அந்தக் கடல் எத்தகையது? தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை 21 தீவுகள். அவற்றைச் சூழப் பவளப் பாறைகளும் கடற்புல் வெளிகளும். 1986-இல் அது கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கீழக்கரைக்கும் வேம்பாருக்கும் எதிரே உள்ள அத்தீவுகளின் ஓரங்களில் பேராமை மேய்கிறது. அழுங்காமை கடற்பஞ்சு தேடுகிறது. நம் மலை ஓடையின் கடைசி மடை, அவற்றின் உணவுத் தட்டிலேயே திறக்கிறது.

மனிதர்களின் கைகள் சம்பாதித்தவற்றின் காரணமாக நிலத்திலும் நீரிலும் சீர்கேடு தோன்றியது என்று அர்ரூம் அத்தியாயம் எச்சரிக்கின்றது. இவ்வசனத்தைப் பலமுறை ஓதியும் ஓதிக் கொடுத்தும் இருக்கிறேன். அந்த ஓடைக்கரையில், கோலின் நுனியில் தொங்கிய பையைப் பார்த்தபோதுதான் அதிலுள்ள 'கைகள்' என்னும் சொல் என்னைச் சுட்டது.

நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம்

தமிழக அரசு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களை 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்துள்ளது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் தொடங்கப்பட்டது. சட்டம் கடைக்காரரை எட்டலாம். சமையற்கட்டை எட்டுவது தாய்மாரின் கையில்தான் உள்ளது.

நம் பாட்டிமார் ரமலானில் பள்ளிவாசலுக்குத் தூக்குவாளி கொடுத்தனுப்பி நோன்புக் கஞ்சி வாங்கிய காலம் நினைவிருக்கிறதா? இன்று சில இடங்களில் கொதிக்கும் கஞ்சியைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து கொடுக்கின்றனர். உடலுக்கும் கேடு, பிறகு அப்பை சாக்கடைக்கும் கேடு. ஜமாஅத் நிர்வாகிகள் ஓர் அறிவிப்புச் செய்தால், வரும் ரமலானிலேயே தூக்குவாளி திரும்பி வந்துவிடும். வலீமா விருந்துகளில் வாழை இலையும் கழுவிப் பயன்படுத்தும் குவளையும் போதாவா? பெருநாள் பயணத்திற்குப் புறப்படும்போது உணவுச் சட்டியோடு ஒரு துணிப்பையையும் எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டு சென்றவை அனைத்தும் வீடு திரும்ப வேண்டும் என்பதைக் குடும்பத்தின் வழக்கமாக்குங்கள்.

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். பாதை என்பது மனிதர் நடக்கும் தெரு மட்டும்தானா? நீர் செல்லும் ஓடையும் ஒரு பாதையே. அதன் மறுமுனையில், பேச வாயற்ற ஓர் உயிர் தன் ரிஸ்கை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது.

அன்று திரும்பும் முன் மாணவர்கள் ஓடைக்கரையில் சிதறிக் கிடந்தவற்றைப் பொறுக்கினர். இரண்டு சாக்குகள் நிறைந்தன. ஒரு சாக்கின் வாயைக் கட்டித் தோளில் சுமந்து வந்தவர், அந்தப் பையை வீசிய நண்பரே. பேருந்தில் ஏறிய பிறகு அந்தச் சிறுவன் என்னிடம் மெல்லக் கேட்டான்: "ஹஜ்ரத், அந்தப் பை போயிருந்தா ஆமை சாப்பிட்டிருக்குமா?"

"சாப்பிட்டிருக்கலாம், தம்பி. நீ பார்த்ததாலே இந்தப் பை போகலே" என்றேன்.

வல்ல நாயன், தன் படைப்புகள் அனைத்தின் மீதும் இரக்கம் கொள்ளும் உள்ளத்தை நமக்கும் நம் சந்ததிக்கும் வழங்கியருள்வானாக! ஆமீன்.